ஃபிரிட்ஜ் தட்டைக் கரி அடுப்பின் மேல் போடலாமா?

ஜனவரி 3, சாத்தூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அண்ணா, காணும் பொங்கலுக்கு மொட்டை மாடியில் கோழி சுடலாம் என்று இருக்கிறோம். அடுப்புக்குப் பழைய இரும்புச் சட்டி ஒன்று இருக்கிறது. மேலே போடக் கம்பி வலைதான் இல்லை. கடையில் ஆயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். வீட்டில் ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்று கிடக்கிறது, அதன் கம்பித் தட்டு அச்சாகப் பொருந்துகிறது. போடலாம்தானே?

ஜனவரி 3, இரவு

வேண்டாம் தம்பி. ஃபிரிட்ஜ் தட்டு குளிரில் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது, நெருப்புக்குச் செய்ததில்லை. புதியவற்றில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பழையவற்றில் துத்தநாகமோ காட்மியமோ பூசியிருப்பார்கள். காட்மியம் 321 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். விசிறிவிட்ட கருவேலங்கரித் தணல் 700 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பளபளவென்று இருக்கும் கம்பியைப் பார்த்து இது எந்தப் பூச்சு என்று நம்மால் சொல்ல முடியாது. அளவு பொருந்துகிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம், இந்தக் கம்பி இதற்கு முன் என்ன வேலை பார்த்தது என்பதை முதலில் கேளுங்கள்.

ஜனவரி 4, காலை

காலையில் பார்த்தால் இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் டேபிள் ஃபேனின் முன்கூண்டைப் போட்டுச் சுடுகிறாராம், இன்னொருவர் கோழி வலை, மூன்றாமவர் ஜன்னலுக்கு அடித்ததில் மிஞ்சிய வெல்டு மெஷ். மூன்றுக்கும் என் பதில் ஒன்றுதான். ஃபேன் கூண்டில் பெயின்ட் அல்லது குரோமியப் பூச்சு இருக்கும். கடையில் கிடைக்கும் கோழி வலையும் வெல்டு மெஷ்ஷும் பெரும்பாலும் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசியவை. தகடாக இருந்தால் சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரியும், வெயில் மழையில் கிடந்தால் மேலே வெள்ளை மாவு மாதிரி பூக்கும்.

கோழி வலையை நானும் போட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். விருதுநகரில் மைத்துனர் வீட்டில், ஏழெட்டு வருடம் இருக்கும். கரியை உயரமாகக் குவித்துவிட்டோம், நடுவில் வலை தணலைத் தொட்டது. தொட்ட இடத்தில் கம்பி வெளுத்து, பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ எழும்பிப் பறந்தது. சாம்பல் என்றுதான் நினைத்தோம். கறித் துண்டின் ஓரத்திலும் அது ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்து எல்லாவற்றையும் கொட்டினோம். அது துத்தநாக ஆக்சைடு. துத்தநாகம் 420 டிகிரியை ஒட்டி உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை நிறையச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும், வாயில் உலோகச் சுவை தட்டும். ஜிஐ பைப் பற்றவைக்கும் வெல்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அன்றைக்குப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே அடங்கும். அதற்காக வேண்டுமென்றே வாங்கிக்கொள்ள வேண்டிய காய்ச்சல் இல்லை அது.

ஜனவரி 4, மாலை

"தணலுக்கு நாலு விரற்கடை மேலே இருக்கும் வலை 900 டிகிரிக்குப் போகாதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, போகாதுதான். ஆனால் நாம் கம்பியில் வைப்பது தயிரும் எலுமிச்சையும் புரட்டிய கறி. புளிப்பு பட்டால் துத்தநாகம் சூடே இல்லாமல் கரையும். புளிக்குழம்பை ஜிஐ வாளியில் ஊற்றி வைக்க மாட்டோம் இல்லையா. காலையில் புகையைப் பற்றியே எழுதிவிட்டேன், இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் தேடுகிறவர்கள் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டாவிட்டால் எவர்சில்வர், தைரியமாக வாங்கலாம்.

ஜனவரி 6

காந்தத்தைப் பற்றி மேலே எழுதியது தவறு. லேத் வைத்திருக்கும் ஒரு நண்பர் அதைப் படித்துவிட்டுப் போன் செய்து திருத்தினார். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, குரோமியம் பூசிய பித்தளையிலும் ஒட்டாது. எவர்சில்வரிலேயே 304 என்ற ரகம் ஒட்டாது, 202 ஒட்டாது, 430 ஒட்டும். 430 நெருப்புக்கு ஒன்றும் மோசமில்லை, ஒட்டுகிறதே என்று அதைத் தூக்கிப் போட வேண்டாம். மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று காந்தம் எதுவுமே சொல்லாது. எவர்சில்வர் என்று உறுதியாகத் தெரிந்த பொருளாக இருந்தால் எடுங்கள்: வீட்டில் கிடக்கும் பாத்திரக் கூடை, சாதம் வடிக்கும் பழைய தட்டு, ஓட்டலில் கழித்த தட்டு. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஜனவரி 7

வேண்டாம் வேண்டாம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், என்னதான் செய்வது என்று சாத்தூர்த் தம்பி கேட்பது சரிதான். நான் செய்துகொண்டதைச் சொல்கிறேன்.

பூச்சில்லாத சாதா இரும்புக் கம்பி, எம்எஸ் ராடு என்று கேளுங்கள். குறுக்குக் கம்பிக்கு 6 மில்லிமீட்டர், சுற்றுச் சட்டத்துக்கு 8. கட்டிட வேலைக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வரும். 6 மில்லிக்கு 0.222 கிலோ, 8 மில்லிக்கு 0.395. என் வலை 35 சென்டிமீட்டருக்கு 30. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி வீதம் 17 கம்பிகள், சட்டத்தோடு சேர்த்து ஒன்றே முக்கால் கிலோவுக்குள் முடிந்தது. இரும்பைக் கிலோ விலைக்கு வாங்கி, பற்றவைக்கும் கூலியும் கொடுத்தால்கூடக் கடை விலையில் பாதி வரவில்லை. இரண்டு பக்கமும் கம்பியை 10 சென்டிமீட்டர் நீட்டிவிடச் சொல்லுங்கள், அதுதான் கைப்பிடி.

பட்டறையில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: பெயின்ட் அடிக்கக் கூடாது. எதைப் பற்றவைத்தாலும் கடைசியில் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங் கொடுத்துத் தருவது அவர்கள் பழக்கம், நல்ல மனதோடுதான் செய்வார்கள். எனக்கு அப்படித்தான் சிவப்பாக வந்து சேர்ந்தது. அதை அப்படியே நெருப்பில் போட மனம் வராமல் உப்புத்தாளும் கிரைண்டர் பிரஷ்ஷுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். பற்றவைத்த இடங்களில் கண்ணாடி மாதிரிக் கசடு ஒட்டியிருக்கும், அதைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிடுங்கள், உதிர்ந்து கறியில் விழும்.

அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். சூடாக்கி, எண்ணெய் தடவி, புகை அடங்கும்வரை காயவிட்டு, ஆறவைத்து மறுபடி. மூன்று நான்கு தடவை செய்தால் கறுப்பாகிப் பிடித்துக்கொள்ளும். தோசைக்கல்லைப் பாதுகாக்கத் தெரிந்த வீட்டில் இந்த வலை துருப்பிடிக்காது.

ஜனவரி 8

முக்கால்வாசிப் பேர் திணறுவது கரி பற்றவைப்பதில். இதற்கு ஒரு தகர டின் போதும். 5 லிட்டர் சமையல் எண்ணெய் டின் நல்ல அளவு. மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கமாக மடக்கித் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். அடியிலிருந்து 7 சென்டிமீட்டர் உயரத்தில் துளை போட்டு, அதே 6 மில்லி கம்பி நாலைந்தைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகுங்கள். அதற்குக் கீழே சுற்றிலும் காற்றுத் துளைகள். கம்பிகளின் மேல் கரி, கீழே கசக்கிய செய்தித்தாள் இரண்டு தாள். தாளில் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் தெளித்தால் நின்று எரியும். 20 நிமிடத்தில் மேல் கரியின் ஓரம் வெளுக்கும், அப்போது சட்டியில் கொட்டலாம். கைப்பிடிக்கு மரக்கட்டையை டின்னோடு ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி போல்ட் போட்டு முடுக்குங்கள்.

முதல் தடவை கறி எதுவும் இல்லாமல் சும்மா கரி போட்டு எரியுங்கள், வெளியில் அச்சடித்த பெயின்ட் புகைந்து போகட்டும், நீங்கள் காற்று வரும் பக்கம் நின்றுகொள்ளுங்கள்.

தின்னர் டின், பூச்சிமருந்து டின், பெயின்ட் டிரம் எதையும் இதற்குத் தொட வேண்டாம். பெரிய டிரம்மைப் பாதியாக வெட்டி அடுப்பாக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: காலி டிரம் என்றாலும் உள்ளே ஆவி இருக்கும், கிரைண்டர் வைத்ததும் வெடிக்கலாம். அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சமையல் எண்ணெயோ வெல்லப்பாகோ தவிர வேறு எது இருந்த டிரம்மாக இருந்தாலும் வேண்டாம்.

ஜனவரி 8, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. டின்னுக்குள் கம்பி செருகச் சோம்பல்பட்டுப் பழைய அலுமினிய இட்லித் தட்டை வைத்தால் என்ன, துளையும் இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. வைத்தும் பார்த்தேன். பத்து நிமிடத்தில் நடு இட்லிக்குழி தொய்ந்தது, பிறகு ஓட்டையாகி அலுமினியம் சொட்டாகத் தரையில் விழுந்தது, தணலும் கூடவே. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தணலுக்கு அது சர்வசாதாரணம். செருப்பில்லாமல் நின்றிருந்தேன், கால் தப்பியது. அலுமினியத்தைத் தணலோடு சேர்க்கவே வேண்டாம். வலைக்கு மேலே ஃபாயிலில் மீனைச் சுற்றி வைப்பது வேறு, அது பரவாயில்லை, புளி எலுமிச்சை அதிகமாக இருந்தால் வாழை இலையில் சுற்றி அதன் மேல் ஃபாயிலைச் சுற்றுங்கள்.

ஜனவரி 9

மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர்: மூன்றும் வேண்டாம். கரி பிடிக்கவில்லையே என்று பாதி பிடித்த கரியில் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம், சூட்டில் முதலில் ஆவியாகி நிற்கும், பிறகு ஒரே நொடியில் ஆள் உயரத்துக்கு எழும். சானிடைசர் தீ பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றப் போவார்கள்.

தேங்காய் நாரை விடப் பெரிய பற்றவைப்பான் எதுவும் இல்லை. காய்ந்த மட்டையை உரித்துப் பறவைக் கூடு மாதிரிச் சுருட்டி, உருகிய மெழுகுவர்த்தி மிச்சத்தில் தோய்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலும் பிடிக்கும்.

என் அப்பத்தாவுக்கு ஊதுகுழலே போதும். இரும்புக் குழல், ஒரு முழம் நீளம். ஊதி முடித்ததும் வாயை எடுத்துவிட்டுத்தான் மூச்சை இழுப்பார், எங்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார். குழலோடு சேர்த்து இழுத்தால் புகையும் சாம்பலும் தொண்டைக்குள் போகும். பிவிசி பைப்பில் ஊதுகுழல் செய்திருந்ததை ஒரு வீட்டில் பார்த்தேன், நுனி உருகிக் கறுத்திருந்தது. பிவிசி கருகினால் வருவது அமிலப் புகை.

ஜனவரி 10

கம்பியில் குத்திச் சுடுவது பற்றிக் கேட்டவருக்கு: சைக்கிள் போக்ஸ் கம்பியும் குடைக் கம்பியும் பூச்சுள்ளவை, வேண்டாம். மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். நெத்திலி மாதிரிச் சின்ன மீனுக்கு ஈர்க்குச்சியே அருமை, பச்சை ஈர்க்காக இருந்தால் ஊறவைக்கவே வேண்டாம். தோட்டத்தில் நேராக, வாட்டமாக இருக்கிறதே என்று அரளிக் குச்சியை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். அரளியில் வேர் முதல் பூ வரை விஷம். குழந்தைகளை அனுப்பிக் குச்சி ஒடித்து வரச் சொன்னால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

புகை வாசத்துக்குக் கொய்யா விறகுத் துண்டு போடுங்கள், ஓட்டை போட்ட சின்ன டின்னில் அடைத்துத் தணலில் வைத்தால் நிதானமாகப் புகையும். பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம் எதுவும் கூடாது. பார்சல் பலகைகளில் எம்பி (MB) என்று முத்திரை இருந்தால் அது மீதைல் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் நச்சு வாயு அடித்த மரம். எச்டி (HT) என்றால் சூடுபடுத்தியது. எச்டி என்றாலும் அதன் மேல் என்ன சிந்தியது என்று நமக்குத் தெரியாது, நான் எரிப்பதில்லை.

ஜனவரி 11

இதை எழுதுவதற்குத்தான் இன்று உட்கார்ந்தேன். வாசகர் ஒருவர், மழை வந்தால் அடுப்பை மாடிப்படி அறைக்குள் நகர்த்திக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். கொடைக்கானலில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசமில்லை, கண் எரிச்சலில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் எழுந்து நடக்கவே தெம்பிருக்காது. புகை அடங்கிவிட்டதே என்பதுதான் ஏமாற்றுகிறது. நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்கிறோமே, அந்த நிலையிலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நம்ப முடியாது. மழை வந்தால் கறியை உள்ளே எடுத்துப் போய்த் தோசைக்கல்லில் முடியுங்கள், அடுப்பு நனைந்தால் நனையட்டும்.

கூடாரம், கார் டிக்கி, நாலு பக்கமும் அடைத்த பால்கனி எல்லாவற்றுக்கும் இதுதான்.

ஜனவரி 12

சுத்தம் செய்ய இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். ஒற்றைக் கம்பி உதிர்ந்து வலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை கறியோடு தொண்டையிலோ குடலிலோ குத்தி அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. தேங்காய் நாரைக் கைப்பிடியளவு கட்டி, வலை சூடாக இருக்கும்போதே இடுக்கியில் பிடித்துத் தேயுங்கள். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தித் தேய்த்தாலும் போகும், தோசைக்கல்லுக்குச் செய்வதுதானே.

மிச்சத் தணலை அணைக்க எவர்சில்வர்த் தூக்குவாளி ஒன்று ஒதுக்கிவிடுங்கள், மூடி நன்றாகப் பொருந்த வேண்டும். இடுக்கியால் தணலை உள்ளே போட்டு மூடினால் காற்றில்லாமல் அணையும். மறுநாள் அந்தக் கரி புதுக்கரியைவிடச் சீக்கிரம் பிடிக்கும். தண்ணீரை ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும், வார்ப்பிரும்புச் சட்டி விரிசலும் விடும். சாம்பல் 24 மணி நேரம் கழித்தும் உள்ளே கனலும், அதைப் பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டி எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசல் கருகியிருக்கிறது.

திருவள்ளுவர் நாளன்று கறிக்கடை மூடியிருக்கும், அதற்கு முன்பே வாங்கி வைக்கப் பாருங்கள்.

ஜனவரி 17

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். வலை கறுகறுவென்று அழகாக வந்திருக்கிறது, கோழியும்தான். ஆனால் படத்தின் கீழ் ஓரத்தில் மாடித் தரையில் பதித்த ஓடுகள் இரண்டு விரிசல் விட்டிருக்கின்றன. மூன்று செங்கல்லை முக்கோணமாக வைத்து அதன் மேல் சட்டி, நடுவில் தரை திறந்தே இருந்திருக்கிறது. சுடும்போது 'டப்' என்று சத்தம் வந்து ஒரு சில்லு தெறித்ததாம், நல்ல வேளை யார் மேலும் படவில்லை.

இது என் பிழை. இரண்டு வாரமாகக் கம்பியைப் பற்றியே எழுதினேன், தரையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஓட்டுக்குள்ளும் சிமெண்டுக்குள்ளும் ஈரம் இருக்கும், மார்கழிப் பனியில் இன்னும் அதிகம். சூடேறினால் அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மேல்தோலைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஆற்றங்கரைக் கல்லை அடுப்புக்கூட்டினால் வெடிப்பதும் இதனால்தான். பழைய தகடு ஒன்றை விரித்து, அதன் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த மணல், அதன் மேல் செங்கல் இடைவெளி இல்லாமல் ஒரு வரிசை, அதற்கும் மேல் மூன்று செங்கல், பிறகு சட்டி. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி, பிவிசி குழாய், துணிக்கொடி மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

பிப்ரவரி 2

தம்பிக்குக் கோழியின் தோல் கருகி, தொடைச் சந்தில் ரத்தம் தெரிந்ததாம். வலை தணலுக்கு மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். வலை இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி, இரண்டு மூன்று நொடியில் எடுக்க வேண்டியிருந்தால் அது மீனுக்கான சூடு. ஐந்தாறு நொடி தாங்கினால் எலும்போடு கூடிய கோழிக்குச் சரி. உள்ளே 74 டிகிரி வர வேண்டும், தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் சந்தில் கீறிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

என் வலையிலும் இந்தக் குறை இருந்தது. நேற்று பட்டறைக்கு எடுத்துப் போய் நாலு மூலையிலும் 5 சென்டிமீட்டர் கால் வைத்துப் பற்றவைத்து வாங்கினேன். முடித்துவிட்டு அவர் பெயின்ட் டப்பா பக்கம் திரும்பினார், என்னைப் பார்த்தார், அப்படியே கறுப்பாகக் கையில் கொடுத்துவிட்டார்.